பள்ளிச் சாப்பாட்டைப் பிள்ளைகள் ஏன் ஒதுக்குகிறார்கள்? கேண்டீன் நடத்தியவளின் பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கிறீர்கள். மூன்றாம் ஆண்டு படிக்கும் மகன் கேண்டீன் சாப்பாட்டைத் தொடாமல் வெறும் வயிற்றோடு வீட்டுக்கு வருகிறான். இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம் படிக்கும் மகள் ஓய்வு நேரத்தில் தே ஐஸ் (ஐஸ் போட்ட தேநீர்) ஒன்றை மட்டும் வாங்கிக் குடிக்கிறாள். ஆர்.எம்.டி. சாப்பாடு, அதாவது வசதி குறைந்த பிள்ளைகளுக்கு அரசாங்கம் பள்ளியில் கொடுக்கும் சாப்பாடு, தட்டுத் தட்டாகக் குப்பைக்குப் போவதையும் பார்த்திருக்கிறீர்கள். ஜப்பானியப் பெந்தோ (சாப்பாட்டுப் பெட்டி) போல அலங்கரித்து, காரட்டை நட்சத்திரமாக வெட்டி, பலகையில் கவர்ச்சியான பெயர் எழுதி வைத்தால் சாப்பிடுவார்களா, அதற்குச் சங்கப் பணத்தைச் செலவு செய்யலாமா என்பது கேள்வி. தமிழ்நாட்டில் சத்துணவைப் பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்களே, இங்கே ஏன் இப்படி என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். பிள்ளை சாப்பாட்டை ஒதுக்குவதற்குக் காரணம் என்ன என்பதுதான் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அலங்காரம் கடைசியில் வரும்.

நான் 17 வருடம் கேண்டீன் நடத்தியவள். செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் 11 வருடம், பிறகு பினாங்குத் தீவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் 6 வருடம். உணவு கையாளுவோர் பயிற்சி முடித்திருக்கிறேன், சமையல் கல்லூரிக்கெல்லாம் போனதில்லை. சத்துணவு நிபுணரும் இல்லை. அதனால் சமைப்பது, பரிமாறுவது, பிள்ளைகள் எதைத் தின்கிறார்கள் எதைக் கொட்டுகிறார்கள் என்பதை உறுதியாகச் சொல்வேன். மற்றதில் எது நிரூபணமானது, எது என் அனுபவம் மட்டும் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதல் வருடம் எனக்குப் பாடம் சொன்னது கழிவு வாளி. காலை 10 மணிக்கு ஓய்வு நேரம் முடிந்ததும் தட்டுகளை வழித்துப் போடும் அந்த நீல வாளியைத் தூக்க முடியாமல் தூக்குவோம். ஒரு நாள் உதவிக்கு இருந்த அக்கா விடுப்பில் போய்விட, நானே கையுறை போட்டுக்கொண்டு அதைக் கிளறிப் பார்த்தேன். சோறு குறைவாக இருந்தது. கோழியில் எலும்பு மட்டும்தான். முட்டையில் வெள்ளைக்கருவைத் தின்றுவிட்டு மஞ்சளை உருண்டையாக அப்படியே விட்டிருந்தார்கள். சாவி என்னும் கடுகுக் கீரையின் தண்டுகள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. மீகூன் (அரிசி நூடுல்ஸ்) மட்டும் கட்டியாக, அரைத் தட்டு அப்படியே. பசி ருசி அறியாது என்று நம் வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள், ஆனால் பள்ளியில் அதை நம்பிச் சமைத்தால் வாளிதான் நிறையும். பசித்த பிள்ளைக்கும் நாக்கு இருக்கிறது, பெரியவர்களைவிடக் கூர்மையாகவே இருக்கிறது.

அந்த வாளியில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அடுப்படியில்தான் இருந்தது. மீகூனைக் காலை ஐந்தரைக்குப் பிரட்டி, பெரிய பாத்திரத்தில் போட்டு, சூடு போகக்கூடாது என்று இறுக்க மூடி வைப்போம். பிள்ளைகள் வருவதோ ஒன்பதே முக்காலுக்கு. நான்கு மணி நேரத்துக்கு மேல் அந்த ஆவி மூடியில் தட்டித் தண்ணீராக மீகூன் மேலேயே சொட்டும், மீகூன் அதைக் குடித்து ஊதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கரண்டியை விட்டால் கேக் மாதிரி துண்டாக வரும். அதைத்தான் பிள்ளை முன்னால் வைத்து, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கிறோம். நான் செய்தது சின்ன மாற்றம்தான். மீகூனை ஊறவைத்து வடித்து எண்ணெய் தடவி வைத்துவிடுவேன். தாளிப்பையும் காயையும் தனியாகத் தயார் செய்துவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் இரண்டு தடவையாகப் பிரட்டுவேன். மூடியைச் சாய்த்து வைப்பேன். வேலை கூடும், ஓர் ஆள் கூடுதலாக வேண்டும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் சமைத்த சாப்பாட்டை 4 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித்தந்த பாதுகாப்பு விதி. அதனால் இந்தப் பழக்கம் ருசிக்கு மட்டும் அல்ல, வயிற்றுக்கும் நல்லது.

முட்டையும் அப்படித்தான். அதிக நேரம் கொதித்த முட்டையில் மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் பச்சையாக ஒரு வளையம் வரும், பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்கருவில் இருக்கும் கந்தகமும் மஞ்சள் கருவில் இருக்கும் இரும்பும் சேர்ந்து உண்டாவது அது. கெடுதல் இல்லை, ஆனால் ஒரு வாடை அடிக்கும், மஞ்சளும் மாவு மாதிரி தொண்டையில் அடைக்கும். "ஆண்ட்டி, முட்டை நாறுது" என்று சொன்ன பிள்ளையை முதல் வருடம் நான் அதட்டியிருக்கிறேன். அவன் சொன்னது உண்மை. கொதி வந்து பத்து நிமிடத்தில் இறக்கி உடனே பச்சைத் தண்ணீரில் போட்டால் அந்த வளையம் வராது. இதைச் செய்த வாரத்திலேயே மஞ்சள் கரு வாளிக்கு வருவது குறைந்தது. பிறகு வாரம் ஒரு நாள் அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி, மிளகும் சின்ன வெங்காயமும் வதக்கிய மசாலாவில் பிரட்டிக் கொடுத்தோம், அன்றைக்கு இன்னொன்று கேட்டு நிற்பார்கள்.

கீரைக்கு வருகிறேன். சின்னப் பிள்ளைகளுக்குக் கசப்பு பெரியவர்களைவிட அதிகமாகத் தெரியும், இது ஆராய்ச்சியில் நன்றாக உறுதியானது. சாவியும் முட்டைக்கோசும் கசப்புள்ள குடும்பம்தான். போதாததற்கு மூடி வைத்து நெடுநேரம் சூட்டில் கிடந்தால் பச்சை நிறம் போய்க் காக்கிச்சட்டை நிறத்துக்கு வந்துவிடும், முட்டைக்கோசில் கந்தக வாடையும் கிளம்பும். நிறைய தண்ணீர் நன்றாகக் கொதிக்கும்போது திறந்த பாத்திரத்தில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, பரிமாறும் முன்பு பூண்டும் கொஞ்சம் உப்பும் போட்டு வதக்கினால் பச்சையும் இருக்கும், உப்பு கசப்பையும் அமுக்கும். தண்டைத் தனியாகப் பொடியாக நறுக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பால் பல் விழுந்து முன்வாயில் ஓட்டை இருக்கும், நார் நாராக வரும் தண்டை அது எதை வைத்துக் கடிக்கும்? இதை யோசிக்காமல் பிள்ளைக்குக் காய்கறி பிடிக்காது என்று முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

புது உணவைப் பிள்ளைகள் சந்தேகமாகப் பார்ப்பது இயல்பு, பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். திரும்பத் திரும்பச் சின்ன அளவில் கண்ணில் பட்டு, நாக்கில் பட்டால்தான் பழகும். எட்டு, பத்துத் தடவை, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவைகூட ஆகலாம் என்பது பல ஆய்வுகளில் வந்தது. ஆனால் கேண்டீனில் என்ன நடக்கிறது? புது மெனு ஒன்றை ஒரு திங்கட்கிழமை போடுகிறோம், பிள்ளைகள் கொட்டுகிறார்கள், அடுத்த வாரம் எடுத்துவிடுகிறோம். நான் அவித்த கொண்டைக்கடலையை அப்படி இரண்டு தடவை எடுத்துவிட்டு, மூன்றாம் தடவை பிடிவாதமாக வைத்தேன். தேங்காய்ப்பூவும் கடுகும் தாளித்து, கோயில் சுண்டல் மாதிரியே செய்து, கேட்டவர்களுக்கு ஒரு கரண்டி, கேட்காதவர்களுக்கு ஒரு டீஸ்பூன். "வேணாம்னா ஓரமா வச்சிடு, பரவாயில்ல" என்று மட்டும் சொல்வோம். ஒரு பள்ளித் தவணை முடிவதற்குள் சுண்டல் நாள் என்று அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். அது நவராத்திரியில் பார்த்த உணவு, பாட்டி கொடுத்த உணவு, அந்தப் பழக்கம் எங்களுக்கு உதவியது. தெரிந்த உணவின் வாசலில் இருந்துதான் தெரியாத உணவுக்குப் போக முடியும். நாசி கோரெங் (பிரட்டிய சோறு) தெரிந்த பிள்ளைக்கு அதிலேயே பட்டாணியைச் சேர்க்கலாம். தோசை தெரிந்த பிள்ளைக்குக் கேழ்வரகைக் கொஞ்சம் கலக்கலாம். இதில் ஒன்று மட்டும் செய்யாதீர்கள். காய்கறியை அரைத்து மறைத்துக் கொடுத்துவிட்டு, பிறகு "பார்த்தியா, நீ கீரை சாப்பிட்டுட்ட" என்று சொல்வது. ஒரு தடவை ஏமாந்த பிள்ளை அடுத்த மாதம் நம் சாம்பாரைக்கூட நம்பாது.

அடுத்தது நேரம். ருசியைவிட நேரம்தான் பெரிய காரணம் என்று சில நாள் எனக்குத் தோன்றும். எங்கள் பள்ளியில் ஓய்வு நேரம் 20 நிமிடம். அதில் வகுப்பிலிருந்து வரிசையில் இறங்கி வர வேண்டும், கை கழுவ வேண்டும், கழிப்பறைக்குப் போக வேண்டும், கேண்டீனில் வரிசையில் நிற்க வேண்டும். நான் ஒரு வாரம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கவனித்தேன். வரிசையில் கடைசியில் நின்ற பிள்ளை உட்கார்ந்து சாப்பிடக் கிடைத்தது ஏழு நிமிடம். அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலப் பள்ளிகளில் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் பார்த்து 2015இல் எழுதினார்கள், உட்கார்ந்து சாப்பிட 20 நிமிடத்துக்கும் குறைவாகக் கிடைத்த பிள்ளைகள் முக்கிய உணவையும் காய்கறியையும் பாலையும் குறைவாகவே சாப்பிட்டார்கள் என்று. நம் ஊர் நிலைமைக்கு அதை அப்படியே பொருத்த வேண்டாம், ஆனால் ஏழு நிமிடத்தில் எந்தப் பிள்ளையும் முதலில் கோழியைத்தான் தின்னும், கீரைக்குப் போவதற்குள் மணி அடித்துவிடும். பணம் கொடுக்கும் வரிசையையும் தட்டு எடுக்கும் வரிசையையும் பிரித்தோம், முதலாம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை ஐந்து நிமிடம் முன்னதாக விடத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார். காசு செலவில்லாமல் செய்ததிலேயே அதிகப் பலன் கிடைத்தது இதில்தான். உங்கள் சங்கம் எதற்காவது மல்லுக்கட்ட வேண்டும் என்றால் இதற்கு மல்லுக்கட்டுங்கள்.

ஆர்.எம்.டி. பற்றி எழுதும்போது மனது கனக்கிறது. 1979 முதல் நடக்கிற நல்ல திட்டம் அது, குடும்ப வசதி குறைந்த பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற சாப்பாடு. நான் நடத்தியபோது தீபகற்பத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 2 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு, பிறகு அது 3 வெள்ளி 50 காசு ஆனது. அந்தக் காசுக்குள் நல்ல சாப்பாடு போடலாம், கஷ்டப்பட்டுப் போடலாம். பிரச்சினை தட்டில் தொடங்கி மேசைக்குப் போய்விட்டது. ஆர்.எம்.டி. பிள்ளைகளுக்குத் தனி மேசை, வேறு நிறத் தட்டு, பேர் கூப்பிட்டுக் கையெழுத்து. ஐந்தாம் ஆண்டுக்கு வந்ததும் பிள்ளைக்கு விவரம் தெரிந்துவிடுகிறது. ஒரு பையன் தினமும் தட்டை வாங்கி இரண்டு வாய் தின்றுவிட்டு வைத்துவிடுவான். சாப்பாடு பிடிக்கவில்லையா என்றேன். "பிடிக்கும் ஆண்ட்டி, ஆனா அங்க உக்கார வேணாம்" என்றான். மறுநாள் அதே சாப்பாட்டை எல்லாரும் வாங்கும் தட்டில் போட்டு, நண்பர்கள் இருந்த மேசைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். வழித்து வைத்தாற்போல் காலித்தட்டு வந்தது. அதற்குப் பிறகு பதிவை நாங்கள் காலையிலேயே வகுப்பில் முடித்துக்கொண்டோம், தட்டு எல்லாருக்கும் ஒன்றே, ஆர்.எம்.டி. மெனுவில் இருப்பதை அன்றைக்குக் காசுக்கு வாங்கும் பிள்ளைகளுக்கும் விற்றோம். யார் இலவசம், யார் காசு என்று பார்த்தால் தெரியாது.

தமிழ்நாட்டைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கும் பதிலில் ஒரு பகுதி இங்கேதான் இருக்கிறது. காமராசர் 1956இல் மதிய உணவைத் தொடங்கினார், எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக விரித்தார், பிறகு முட்டை வந்தது, 2013 வாக்கில் ஒரே சாம்பார் சாதம் என்பது மாறிக் கலவை சாதங்களும் மிளகு முட்டை, தக்காளி முட்டை மசாலா என்று வகைகளும் வந்தன. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், முதலில் தேர்ந்தெடுத்த அரசுப் பள்ளிகளிலும், 2023இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் 1 முதல் 5 வரை படிக்கிற எல்லாருக்கும் என்று போனது. ஒரே வகுப்பில் எல்லாருக்கும் ஒரே உணவு வரும்போது அதில் கூச்சப்பட எதுவும் இல்லை. உணவும் வீட்டில் தின்பதுதான், உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே சாம்பார். இங்கே நம் பிள்ளைகள் மூன்று சமூகத்து உணவோடு வளர்கிறார்கள், ஓய்வு நேரத்தில் கையில் காசும் இருக்கிறது, போட்டிக்கு நகெட்டும் சொஸேஜும் இருக்கின்றன, ஆகவே எல்லாவற்றையும் அங்கே இருந்து எடுத்துவர முடியாது. பிரித்து உட்கார வைக்காமல் இருப்பதையும் வகை மாற்றுவதையும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது அலங்காரம். நீங்கள் படித்திருக்கக்கூடிய ஒரு பிரபலமான கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆப்பிளில் எல்மோ என்னும் டிவி பொம்மையின் ஸ்டிக்கர் ஒட்டினால் பிள்ளைகள் அதைத்தான் எடுக்கிறார்கள் என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க் குழு 2012இல் எழுதியது. உலகம் முழுக்கப் பள்ளிக் கேண்டீன் ஆலோசனைகளில் அது ஏறிவிட்டது. 2017இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 8 முதல் 11 வயது என்று எழுதியிருந்த பிள்ளைகள் உண்மையில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் என்பது வெளியே வந்தது. அவருடைய வேறு பல கட்டுரைகளும் திரும்பப் பெறப்பட்டு, பல்கலைக்கழகமே அவர் ஆய்வு நெறி மீறியதாகச் சொன்னது. அதனால் ஸ்டிக்கர், கவர்ச்சிப் பெயர் என்று யாராவது உறுதியாகப் பேசினால் இதை நினைவில் வையுங்கள். என் அனுபவத்தில் நட்சத்திரக் காரட் முதல் மூன்று நாள் எடுபட்டது, நான்காம் நாள் நட்சத்திரமாகவே வாளிக்கு வந்தது. பழத்தை வெட்டிக் கொடுப்பது வேறு விஷயம், அது நிச்சயம் உதவுகிறது. முழு ஆரஞ்சை உரிக்க ஏழு வயதுக் கைக்கும் ஏழு நிமிடத்துக்கும் முடியாது, கீற்றாக வெட்டி வைத்தால் தின்றுவிடும். தர்பூசணி, பப்பாளி, கொய்யா எல்லாம் அப்படித்தான், கொய்யாவில் மட்டும் விதையை எடுத்துவிடுங்கள்.

ஜப்பானைப் பற்றி ஒரு திருத்தம். பெந்தோ என்பது பெரும்பாலும் வீட்டில் கட்டித் தருவது. அந்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் கொடுப்பது கியூஷோக்கு என்னும் பள்ளி உணவு, அதற்கு 1954இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். சோறு அல்லது ரொட்டி, சூப், ஒரு கறி, பால், அலங்காரம் பெரிதாக இல்லாத சாதாரணத் தட்டு. அங்கே பிள்ளைகளே வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்டு முறை வைத்துப் பரிமாறுகிறார்கள், ஆசிரியரும் அவர்களோடு உட்கார்ந்து அதையே சாப்பிடுகிறார். நான் பார்த்து ஆசைப்பட்டது அதைத்தான். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் நால்வருக்கு ஏப்ரன் கட்டி, காய்க் கரண்டியை அவர்கள் கையில் கொடுத்தோம். "கொஞ்சமா, நடுத்தரமா, நிறையவா?" என்று கேட்டுப் போடச் சொன்னோம். தன் கையால் பரிமாறிய காயைத் தானே சாப்பிடாமல் விட அவர்களுக்கு மனம் வரவில்லை, கொஞ்சமாக வாங்கியவர்களும் கொட்டுவதில்லை. இது எங்கள் பள்ளியில் பலித்தது, எல்லாப் பள்ளியிலும் பலிக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் செலவு நான்கு ஏப்ரன்தான்.

பதின்ம வயதுக்காரர்கள் வேறு உலகம். உங்கள் மகளைப் போன்ற பெண் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கூட்டமான மேசையில் வாய் நிறையக் கறிச்சோறு போட்டுச் சாப்பிட அவர்களுக்குக் கூச்சம், பற்களில் கீரை ஒட்டுமோ, சீருடையில் குழம்பு சிந்துமோ என்ற பயம். பாதிப் பேர் ஓய்வு நேரத்தில் கூட்டம், மாணவர் தலைவர் பணி, முடிக்காத வீட்டுப்பாடம் என்று ஓடுவார்கள். இடைநிலைப்பள்ளியில் நான் மெனுவை மாற்றியது அவர்களிடம் கேட்ட பிறகுதான். கையில் பிடித்துத் தின்னக்கூடியது, ஒரு கையில் பிடிக்கக்கூடியது வேண்டும் என்றார்கள். சப்பாத்தியில் முட்டைப் பொரியல், வெள்ளரிக்காய், கொஞ்சம் சம்பால் வைத்துச் சுருட்டித் தாளில் கட்டினோம். இலையில் மடித்த சின்ன நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), உள்ளே நெத்திலியோடு வெள்ளரி இரண்டு துண்டு, அரை முட்டை. விலை சொல்லத் தேவையில்லாமல் சரியான காசை வைத்துவிட்டு எடுத்துப்போகும்படி முன்னால் அடுக்கினோம். சோற்று வரிசைக்கு வராத பிள்ளைகள் இதற்கு வந்தார்கள். "இது கொழுப்பு, அது குண்டாக்கும்" என்று பலகையில் எழுதுவதை மட்டும் நான் மறுத்துவிட்டேன். அந்த வயதில் எடையைப் பற்றிய ஒரு வார்த்தை போதும், சாப்பிடுகிற இரண்டு வாயையும் நிறுத்திவிடும்.

சத்து விஷயத்தில் சுகாதார அமைச்சு சொல்லும் சுகு சுகு செப்பாரோ, அதாவது தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் கோழி முட்டை, அரைப் பங்கு காயும் பழமும் என்பதையே பின்பற்றினேன். மலேசியாவின் 2019 தேசிய ஆய்வில் 5 முதல் 17 வயதுக்குள் 10 பேரில் 3 பேர் எடை கூடியவர்கள் என்றும், 5 வயதுக்குக் கீழே 5 பேரில் ஒருவர் வளர்ச்சி குன்றியவர் என்றும் வந்தது. ஒரே நாட்டில் இரண்டும் இருக்கிறது, ஆகவே சாப்பிடாதே என்று சொல்லவும் முடியாது, எதையாவது சாப்பிடு என்று விடவும் முடியாது. சிராப், தே ஐஸ் ஆகியவற்றில் சீனியை ஒரே நாளில் குறைத்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் வாரம் ஒரு கரண்டி வீதம் மூன்று மாதத்தில் பாதியாக்கினேன், ஒருவரும் கேட்கவில்லை. அப்புறம், செவ்வாய் வெள்ளி சைவம், புரட்டாசி, தைப்பூச விரதம் என்று நம் பிள்ளைகளில் பலர் அசைவம் தொடாத நாட்களை நாள்காட்டியில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அன்றைக்குக் கோழிச்சோறு மட்டும் போட்டால் பக்தியுள்ள வீட்டுப் பிள்ளை பட்டினிதான். தௌஃபூ, பயறு, பருப்புத் துவையல் என்று எத்தனையோ இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உணவின் வாடையிலேயே குமட்டி வாந்தி எடுக்கிற, நான்கைந்து உணவைத் தவிர எதையும் தொடாத, எடை இறங்கிக்கொண்டே போகிற பிள்ளைக்கு நான் சொன்ன எதுவும் போதாது, மருத்துவரிடம் காட்டுங்கள். மகள் சாப்பாட்டைத் தவிர்ப்பதோடு கண்ணாடி முன்னால் நிற்பதும் கூடியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சங்கப் பணத்தை நட்சத்திர அச்சுக்கும் பெயர்ப் பலகைக்கும் செலவிட வேண்டாம். ஒன்பது மணிக்கு மேல் வந்து பிரட்டவும் வெட்டவும் ஓர் ஆளுக்கு இரண்டு மணி நேரக் கூலி கொடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது வாணலி ஒன்று வாங்கிக் கொடுங்கள். கேண்டீன் நடத்துபவரிடம் புகார்க் கடிதத்தோடு போகாதீர்கள், வாடகையும் விலைக் கட்டுப்பாடும் எந்நேரமும் அவர் தலைக்கு மேல் தொங்கும். ஓய்வு நேரம் முடிந்து அவர் மூச்சுவிடும் பதினொரு மணி வாக்கில் போய், ஒரு கோப்பி வாங்கிக் குடித்துக்கொண்டே, "அக்கா, மீகூன் எத்தனை மணிக்குப் பிரட்டுறீங்க?" என்று கேளுங்கள். அப்படியே, அனுமதி வாங்கி, வாளியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அதில் கிடப்பதை இங்கே எழுதினால், எதிலிருந்து தொடங்கலாம் என்று சொல்கிறேன்.